குடைக்காரனுக்கு முன்னால் வந்த மூன்று பேர்

குடைக்காரனைத் தெரியாத பிள்ளை அந்த ரப்பர் தோட்டத்தில் இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்திலும் இல்லை, கீழ் லயத்திலும் இல்லை. அவன் எந்த மழைக்கு வருவான், எந்தப் பாறையில் உட்காருவான், எதைத் தின்றால் அவனுக்கு விக்கல் வரும் என்பதையெல்லாம் நான்கு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். அவனைப் பற்றி முப்பத்தெட்டுக் கதைகள் இருந்தன. முப்பத்தெட்டையும் எழுதியவள், பால் வெட்டுகிற அந்தனியின் மகள் கிறேஸ்.

ஆனால் குடைக்காரன் வருவதற்கு முன்னால் வேறு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருமே பாதி வழியில் நின்றுபோனார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நான்கே நான்கு பேர்தான்.

இது அந்த மூவரின் கதை.

அப்போது கிறேஸுக்குப் பத்து வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம். ரப்பர் விலை விழுந்துகொண்டே போன வருடம். புளத்கொகுபிட்டியப் பக்கம் இரண்டு தோட்டங்களில் பால் வெட்டையே நிறுத்திவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு தெருவோடு நடந்து போனதைக் கிறேஸ் பார்த்திருக்கிறாள். அந்த வரிசையில் ஒரு சின்னப் பெண் கோழிக்குஞ்சு ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அதைக் கிறேஸால் மறக்க முடியவில்லை.

காலையில் கிறேஸுக்கும் வேலை உண்டு. பெரியவர்கள் மரத்தைக் கீறிச் சிரட்டையில் பால் பிடிப்பார்கள். முதல் நாள் சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலை உரித்துச் சாக்கில் போடுவது பிள்ளைகளின் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடம். அங்கே சிலேட்டு மட்டும்தான். நேற்று எழுதியதை அழித்தால்தான் இன்று எழுத இடம் கிடைக்கும்.

கிறேஸுக்கோ அழியாமல் எழுத ஆசை. அவள் மனசுக்குள் ஒரு வீரன் வருவான், போவான். அவனை ஒரு தாளில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பாக இருந்தது.

தாள் கொடுத்தவள் ஸாஹிரா. தோட்டத்துக்கு ஏறுகிற பாதையின் முடக்கில் பளீல் நானாவின் கடை இருந்தது. ஸாஹிரா அவருடைய மகள், கிறேஸின் தோழி. பளீல் நானா யட்டியாந்தோட்டைக்குப் போகும்போதெல்லாம் சாமான் சுற்றுவதற்கு ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி வருவார். மறுபக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் கொஞ்சம் கிறேஸுக்குக் கொடுக்கலாமா என்று ஸாஹிரா கேட்டாள். பளீல் நானா தாடியைச் சொறிந்து யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதினது நல்லா வந்தா வச்சுக்க மகள். கெட்டுப்போச்சுன்னா திருப்பித் தந்துடணும். கருவாட்டுக்கு மேல எழுத்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அப்படித்தான் முதல் ஆள் வந்தான்.

அவன் பெயர் மலைபுரட்டி. ஒற்றைக் கையால் மலையைத் தூக்குவான். கிறேஸ் ஒரு முழுப் பக்கம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் இருந்த விறகுக் குவியலில் உட்கார்ந்து, ஸாஹிராவுக்கும் தன் தம்பி ஜூலியஸுக்கும் வாசித்துக் காட்டினாள். மலைபுரட்டி இரண்டு அடி எடுத்து வைத்தான், குனிந்தான், அவர்கள் தோட்டத்து மலையை அப்படியே வேரோடு தூக்கினான்.

ஜூலியஸுக்கு ஐந்து வயது. அவன் வாயிலிருந்த விரலை எடுத்தான்.

"மலையத் தூக்கினா அதுமேல இருக்கிற நம்ம லயம் என்னா ஆகும்?"

கிறேஸ் இதை யோசித்திருக்கவில்லை. லயம் மட்டுமா? அம்மா தெரேசம்மா வைத்த அடுப்பு, அடுப்பில் உலை, வாசலில் கட்டிய ஆடு, எல்லாம் சரியுமே. மலையை மெதுவாகத் தூக்கினான் என்று திருத்திப் பார்த்தாள். எவ்வளவு மெதுவாகத் தூக்கினாலும் உலை கொட்டத்தான் செய்யும் என்று ஜூலியஸ் சொல்லிவிட்டான். மலைபுரட்டி மலையைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவனுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அடுத்த ஞாயிறு அவன் யாரோ ஒருவருடைய கொத்தமல்லியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் ஆள் மின்னல்காலன். கண் மூடித் திறப்பதற்குள் கொழும்புக்குப் போய்விட்டு வருவான். அவனால் லயம் சரியாது, உலை கொட்டாது. ஆனால் கதை நான்காம் வரியிலேயே முடிந்துவிட்டது.

"போனான், வந்தான். அவ்வளவுதானா?" என்று கேட்டாள் ஸாஹிரா.

கிறேஸ் அவனை இன்னொரு தடவை கொழும்புக்கு அனுப்பினாள். இன்னொரு தடவையும் வந்துவிட்டான். மூன்றாம் தடவை அனுப்பும்போது ஜூலியஸ் தூங்கிப்போனான். மின்னல்காலன் மிளகாய்த்தூள் சுற்றப் போனான்.

மூன்றாம் ஆளுக்குப் பெயர் வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை. அவன் கோபத்தில் பிறந்தவன்.

காத்தமுத்துக் கங்காணி என்று ஒருவர் இருந்தார். அந்தனியும் இன்னும் இருபது பேரும் அவருடைய ஆட்கள். கறுப்புக் கோட்டு, கொத்து மீசை, கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு போவார், குடை கக்கத்திலேயே இருக்கும். உள்ளே காசு வைத்திருக்கிறார் என்று சில பிள்ளைகள் சொல்லும். பாம்பு இருக்கிறது என்பது ஜூலியஸின் கட்சி.

விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் வற்றிவிடும். அதனால் பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களைக் கங்காணிக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிந்தி வந்தவர் அந்தனி. ஓடி வந்து மூச்சு வாங்க நின்றார்.

கங்காணி குடையால் அவரைக் காட்டினார்.

"வந்துட்டாரு மாப்பிள்ளை. ஏன்டா, மரம் உனக்காகப் பால வச்சுக்கிட்டுக் காத்திருக்குமா? கத்தியக் கீழ வச்சுட்டு அகப்பைய எடுத்துக்க. வீட்டுல கஞ்சி கிண்டு. உன் பொஞ்சாதி வந்து வெட்டட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தனி தலையைக் குனிந்துகொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சாக்கோடு நின்ற கிறேஸ் எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பாவின் கழுத்து குனிந்தது அவளுக்கு வலித்தது. அதுவும் அவள் பார்க்கிறாள் என்று தெரிந்த பிறகு அவர் இன்னும் கொஞ்சம் குனிந்ததுதான் ரொம்ப வலித்தது.

அன்று சாயங்காலம் அவள் எழுதினாள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பென்சில் முனை தாளைக் கிழிக்கிற மாதிரி ஓடியது.

ஒரு மலையில் ஒரு கங்காணி இருந்தார். அவர் எல்லாரையும் திட்டினார். ஒருநாள் ஒரு பலசாலி வந்தான். கங்காணியின் காலைப் பிடித்துத் தூக்கினான். அவரை ரப்பர் மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டான். அவர் மடியிலிருந்த வெற்றிலை எல்லாம் கீழே விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கு மேல் எழுத வரவில்லை. கோபம் தீர்ந்துபோயிருந்தது. வாசித்துப் பார்த்தால் இதுவரை எழுதியதிலேயே இதுதான் நன்றாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதை வாசித்துக் காட்டியபோது ஜூலியஸ் சிரிக்கவில்லை. ஸாஹிரா, "பாவம், தலையில ரத்தம் எறங்குமே," என்றாள். கிறேஸுக்கே அது கொஞ்சம் பயமாக இருந்தது. கெட்டுப்போன தாள்களோடு அதையும் வைத்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சாமான் சுற்றி வந்த தாளை லயத்தில் யாரும் வாசிப்பதில்லை. அது நேரே அடுப்புக்குப் போகும். அதனால் பலசாலியும் எவர் வீட்டிலோ தேநீர்த் தண்ணீர் சுடவைத்துவிட்டுச் சாம்பலாகிவிடுவான் என்று அவள் நினைத்தாள்.

அன்று மத்தியானமே ஸாஹிரா மூச்சிரைக்க லயத்துக்கு ஓடி வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. வாப்பா அந்தத் தாளில் நெத்தலிக் கருவாடு சுற்றிக் கொடுத்துவிட்டாராம். அவள் பார்ப்பதற்குள் கை மாறிவிட்டதாம்.

"யாருக்கு?" என்று கேட்டாள் கிறேஸ்.

"காத்தமுத்துக் கங்காணிக்கு."

அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே, சம்பளப் புத்தகத்தில் பெருவிரலைத்தானே உருட்டுகிறார் என்று கிறேஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஸாஹிரா தலையை ஆட்டினாள். "தெரியாதுதான். ஆனா வாசல்ல நின்னு தாளையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. பொறகு நெத்தலி அம்புட்டையும் கோட்டுப் பையில கொட்டிக்கிட்டு, தாள மடிச்சு நெஞ்சுப் பையில வச்சுக்கிட்டுப் போனாரு."

கோட்டுப் பையில் கருவாடு கொட்டிக்கொண்டு போகிற மனிதர் தாளைச் சும்மா வைத்துக்கொள்ள மாட்டார். நாளைக் காலையில் கணக்கப்பிள்ளையிடம் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். கணக்கப்பிள்ளைக்குப் படிக்கத் தெரியும். தோட்டத்தில் இப்படி முத்து முத்தாக எழுதுகிற பிள்ளை யார் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு அப்பாவுக்குப் பத்துச்சீட்டுதான். வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் கையில் கொடுக்கிற சீட்டு அது. அதை வாங்கினால் லயத்தில் குடியிருக்கிற காம்பராவையும் விட வேண்டும். மற்றத் தோட்டங்களில் வேலையும் இல்லை.

சட்டைக்குள் கோழிக்குஞ்சு வைத்திருந்த பெண் கிறேஸின் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

அப்பாவிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் அப்பா மறுபடியும் தலை குனிந்து கங்காணியின் முன்னால் நிற்பார். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது. ஸாஹிராவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, மழை தூற ஆரம்பித்ததையும் பார்க்காமல் கங்காணியைத் தேடிப் போனாள்.

அவர் வீட்டில் இல்லை. பால் நிறுக்கிற கொட்டகைப் பக்கம் போனதாக அவருடைய மனைவி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருக்கு என்ன வேலை? கிறேஸ் மரங்களுக்கு நடுவே ஓடினாள். அவள் கொட்டகையை எட்டுவதற்குள் மழை பலத்துவிட்டது.

உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குடை விரிந்திருந்தது. தரையில் கைப்பிடி மேலே பார்க்கக் கிடந்தது. அதற்குள் காசும் இல்லை, பாம்பும் இல்லை. பக்கத்தில் ரப்பர் துணியொன்று பிரித்துப் போட்டபடி இருந்தது. கங்காணி பெட்டியொன்றில் உட்கார்ந்து, மடியில் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்திருந்தார். அது ஜூலியஸ் அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் வாங்கப்போகிற அரிச்சுவடி. இத்தனை நாளும் குடையின் மடிப்புக்குள், நனையாமல் ரப்பரில் சுற்றி, அவர் அதைத்தான் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

முழங்காலில் கிறேஸின் தாள் விரிந்திருந்தது. அவர் விரலை ஒரு சொல்லில் வைத்துவிட்டு, அரிச்சுவடியைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

கிறேஸின் நிழல் விழுந்ததும் புத்தகத்தைத் தொடைக்கடியில் தள்ளினார். வந்தது யார் என்று பார்த்தார். அந்தனியின் மகள் என்று தெரிந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டார்.

"எதுக்கு வந்த?"

அவள் தாளைப் பறித்துக்கொண்டு ஓடலாம் என்றுதான் வந்திருந்தாள். அது அவர் விரலுக்கடியில் இருந்தது.

"சரி, வந்ததும் நல்லதுக்குத்தான். நீ பள்ளிக்கூடத்துப் புள்ள. இதை எனக்கு வாசிச்சுச் சொல்லு. வெளியில மூச்சு விடக்கூடாது, என்ன?"

கணக்கப்பிள்ளை எழுதுவது ஒன்று, வாசித்துச் சொல்வது ஒன்றாக இருந்தால் பெருவிரல் வைக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று அவரே சொன்னார். அதற்காகத்தான் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து எழுத்துக் கூட்டிப் பார்க்கிறாராம். இன்று கடையில் கருவாட்டைப் பிரித்தபோது, 'கங்காணி' என்ற சொல் தானாகக் கண்ணில் பட்டதாம். யாரும் சொல்லித் தராமல் அவர் படித்த முதல் சொல்.

"என் பேரு மாதிரியே இருந்துச்சு," என்றார். அப்படிச் சொன்னபோது மீசை கொஞ்சம் விரிந்தது.

கிறேஸ் தாளை வாங்கினாள். தப்பிப்பதற்கு வழி தானாக வந்து நிற்கிறது. அவருக்குத் தெரிந்தது ஒரு சொல். மற்றச் சொற்களெல்லாம் அவள் கையில்.

"ஒரு மலையில் ஒரு கங்காணி இருந்தார்," என்று வாசித்தாள். "அவர் எல்லாருக்கும் நல்லவர். ஒருநாள் ஒரு பலசாலி வந்தான். கங்காணிக்கு வணக்கம் சொன்னான். இரண்டு பேரும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கங்காணி பாராட்டவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"மரம்னு ஒரு சொல்லு வந்துச்சே. கால்னு ஒண்ணு வந்துச்சு. நீ வாசிச்சதுல மரமே இல்லையே."

"இல்லீங்க ஐயா. அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேங்க. இல்லீங்க."

கங்காணி தொடைக்கடியிலிருந்து அரிச்சுவடியை எடுத்தார். அதன் பக்கங்களின் ஓரங்கள் கையில் பட்டுப் பட்டுத் துணி மாதிரி ஆகியிருந்தன. அதை மூடி, ரப்பர் துணியில் சுற்றினார். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரங்களை மடித்தார்.

"ரெண்டு வருஷம்," என்றார். "மரம்னு படிச்சேன்னு நெனச்சேன். இல்லாத மரத்த நானே நட்டிருக்கேன். அம்பது வயசுல இதெல்லாம் ஏறாது புள்ள. இந்தா, உன் தம்பிக்கு ஆகும். கொண்டு போ."

பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.

கிறேஸ் அதைக் கையில் வாங்கிவிட்டாள். வாங்கியதும் அது அவளுக்குக் கல்லாகக் கனத்தது. இப்போது வீட்டுக்குப் போய்விடலாம். தாளும் அவள் கையில், அப்பாவுக்குப் பத்துச்சீட்டும் இல்லை. கங்காணி கவிழ்ந்து கிடந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரட்டில் அப்பாவின் கழுத்து குனிந்த மாதிரியே அவருடைய கழுத்தும் குனிந்திருந்தது.

அவள் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க ஐயா. மரம் இருக்கு. காலும் இருக்கு. நான்தான் தப்பா வாசிச்சேன்."

கங்காணி நிமிர்ந்தார். "ஏன்?"

"பயத்துலங்க."

"அப்போ மரம் இருக்கு?"

"இருக்குங்க. ஐந்தாவது வரியில."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "வாசி. இருக்கிறத இருக்கிறபடி வாசி."

கிறேஸ் வாசித்தாள். திட்டினார் என்பதை வாசித்தாள். காலைப் பிடித்துத் தூக்கியதை வாசித்தாள். தலைகீழாகத் தொங்கவிட்டான் என்பதையும் வாசித்தாள். எல்லாரும் சிரித்தார்கள் என்பது வரைக்கும் ஒரு சொல்கூட விடவில்லை.

"யார் எழுதினது?"

"நான்தாங்க. எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவருக்குப் பத்துச்சீட்டுக் குடுத்துடாதீங்க ஐயா. வேணும்னா என்னய அடிங்க."

கங்காணி அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஏன் எழுதினாய் என்று கேட்டார். அகப்பையை எடுத்துக்கொள்ளச் சொன்ன நாளைக் கிறேஸ் ஞாபகப்படுத்தினாள். அவருக்கு அது ஞாபகமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு ஏன் உங்கப்பன் பிந்தினான்?"

"தம்பிக்குக் காய்ச்சல். ராத்திரி பூரா தோள்ல போட்டுக்கிட்டே நடந்தாங்க."

"அத அவன் சொல்லலியே."

"நீங்க கேக்கலீங்களே."

கங்காணி மீசையின் ஒரு பக்கத்தைப் பல்லால் கடித்தார். வெளியே ரப்பர் மரங்கள் நனைந்து நின்றன.

"பாரு புள்ள. இனிமே உங்கப்பன ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது. பிந்தி வந்தாச் சொல்லத்தான் செய்வேன். என் வேல அது. ஆனா ஏன்னு கேட்டுட்டுச் சொல்றேன். நாலு பேரு சிரிக்கச் சொல்ல மாட்டேன். சரியா?"

கிறேஸ் தலையை ஆட்டினாள். கண்ணில் இருந்த தண்ணீர் அப்போதுதான் கன்னத்துக்கு வந்தது. அதை மழைத்தண்ணீர் மாதிரித் துடைத்துக்கொண்டாள்.

போகலாம் என்று திரும்பியவளைக் கங்காணி கூப்பிட்டார்.

"அப்புறம் என்னா ஆச்சு?"

"எங்கங்க?"

"கதையில. அந்தத் தடியன் என்னய எறக்கிவிட்டானா, இல்லையா?"

"அதோட விட்டுட்டேங்க. எழுதல."

கங்காணி அவள் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வேறு யாருடையவோ பழைய கணக்கு.

"அப்போ நான் இன்னும் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கிறேஸ் நினைத்துப் பார்த்தாள். மலைபுரட்டி மலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் போனான். மின்னல்காலன் கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டுத்தான் போனான். ஆனால் இந்தக் கதையில் ஒரு மனிதரை மரத்தில் கட்டிவிட்டு அவள்பாட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரமாக அவர் அப்படியே கிடக்கிறார்.

"எறக்கிடுறேங்க," என்றாள் அவசரமாக.

தாளின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. கங்காணி அரிச்சுவடிக்குள்ளிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். சின்னச் சின்னச் சொல்லாக எழுத வேண்டும், எழுத்துப் பெரிசாக இருக்க வேண்டும், கடைசியில் அவரேதான் படிப்பார் என்று சொன்னார்.

பலசாலியே இறக்கிவிட்டான் என்று எழுதலாமா என்று கேட்டாள்.

"அவன் ஏன் எறக்கப் போறான்? ஏத்தினவனே அவன்தானே," என்றார் கங்காணி.

கயிறு அறுந்தது என்றால்?

"கீழ பாறை. என் மண்டை என்னாகிறது?"

இதற்கு முன்னால் அவள் எழுதியதை யாரும் இவ்வளவு கவலையோடு கேட்டதில்லை. கிறேஸ் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். கொட்டகைத் தகரத்தில் ஒரு பொத்தல் இருந்தது. அதிலிருந்து மழை சொட்டுச் சொட்டாக விழுந்தது. விழுந்த ஒவ்வொரு சொட்டையும், தரையில் மல்லாந்து கிடந்த கறுப்புக் குடை வாங்கிக்கொண்டது. மரத்துக்குக் கீழே சிரட்டை பால் வாங்குமே, அதே மாதிரி.

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். நாலு விரல் இடம் போதவில்லை. ஓரத்திலும் எழுதினாள்.

எழுதி முடித்துக் கொடுத்ததும் கங்காணி தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். விரலை வைத்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒருவன் கடைக்குப் போய் வந்துவிடலாம். கிறேஸுக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லிக் கொடுக்காமல் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடை... குடைக்... காரன்... வந்தான்."

நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"பெரிய... குடை. மலை... அளவு... குடை. மரத்தின்... கீழே... விரித்து... மல்லாத்திப்... பிடித்தான்."

மழை குறைந்து, தகரத்தின் சத்தம் தணிந்தது.

"கயிறு... அறுந்தது. கங்காணி... விழுந்தார்." இங்கே அவருக்கு மூச்சு வாங்கியது. விரல் வேகமாக நகர்ந்தது. "குடை... தாங்கியது. மெதுவாக... மெதுவாக... ஆடியது. கால்... தரையில்..."

கடைசிச் சொல் ஓரத்தில் வளைந்து போயிருந்தது. தாளைத் திருப்பி, தலையையும் சாய்த்து அதைக் கூட்டினார்.

"பட்டது."

அவர் தாளை மடித்து நெஞ்சுப் பையில் வைத்தார். எழுந்து நின்று இரண்டு காலையும் மண்ணில் ஊன்றிப் பார்த்தார்.

"எறங்கிட்டேன்," என்றார் காத்தமுத்துக் கங்காணி, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே.